ஆயுத பூசைக்கு நின்ற சர்வர்

அந்த மிக்ஸியை மடியில வெச்சுட்டு எதுக்குங்க சிரமப்படறீங்க? இப்படிக் கீழ வைங்க, நான் காலை ஒதுக்கிக்கறேன். பொள்ளாச்சியில ஏறுனதுலருந்து பாத்துட்டே வர்றேன், கொழந்தையாட்டக் கட்டிப் புடிச்சுட்டு இருக்கீங்க. உடுமலை சர்வீஸ் சென்டருக்குங்களா? வாரண்டி இருக்குதா? சரி சரி. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நடுவுல ஆராச்சும் பிரிச்சுப் பாத்தாங்களா? மச்சானா? போச்சு போங்க. அங்க உக்காந்திருக்கறவன் அந்தத் திருகாணியைப் பாத்த உடனே, “வெளியாளு கை வெச்சிருக்குது சார், நாங்க பொறுப்பில்லை”ம்பான். எழுதி வெச்சுக்கங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, என்ற சோலியே அதுதானுங்க. பதினோரு வருசமா இந்த ‘நாங்க பொறுப்பில்லை’ங்கற வார்த்தையோடதான் குடும்பம் நடத்திட்டு இருக்கறேன்.

பேரு நாச்சிமுத்துங்க. பொள்ளாச்சியில ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் எல்லாம் நம்ம பொறுப்பு. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், நமக்கெதுக்கு. தெய்வசிகாமணி டாக்டர்து. நாங்க பெரிய டாக்டர்ம்போம். அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி கிணத்துக்கடவுல ரெண்டாவது ஆஸ்பத்திரி தொறக்கறாரு. அங்க சர்வரை ஏத்தி ஓட விடறது என்ற பொறுப்பு. அது ஓடலீன்னா எனக்கு வேலை இல்லீங்க, அவ்வளவுதான். இன்னும் இருவத்திரெண்டு நாள் இருக்குது. அதுல ஒரு சின்ன சந்தேகம். சின்னதுதான். உடுமலையில கோகிலவாணின்னு ஒரு புள்ள இருக்குது, எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட புள்ள. கத்துக்கிட்டு வேலையை விட்டுப்போட்டுப் போயிருச்சு. அதைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு கெளம்புனேன். போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்குது. மெசேஜ் போட்டிருக்கறேன். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு மருவாதியா, ஒண்ணா?

சர்வர்னா தெரியுங்களா? ஓட்டல் சர்வர் இல்லீங்க. ஆஸ்பத்திரியில சீட்டுப் போடற எடம், லேப், மருந்துக்கடை, வார்டு, எல்லாத்துலயும் கம்ப்யூட்டர் இருக்குதில்லீங்க? அத்தனையும் ஒரே ஒரு மெஷினைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். அந்த மெஷின்தான் சர்வர். அதுக்குள்ள நோயாளிக விவரத்தையெல்லாம் புடிச்சு வெச்சிருக்கற சாஃப்ட்வேர் இருக்குது, அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனிது. பேரு சொல்ல மாட்டேன், கேஸு போட்டாலும் போடுவான். அந்த சாஃப்ட்வேர் சும்மா தரையில உக்காராது. அடியில ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு ஒண்ணு விரிக்கோணும். அதுலயும் பாருங்க, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்ட, “நான் இன்ன கடை ஜமக்காளத்துலதான் உக்காருவேன்”ங்குது! லிஸ்டு வெச்சிருக்கறான். மூணே மூணு. அதுல இல்லாததுல உக்கார வெச்சோம்னா, பந்தல் தீப்புடிச்சு எரிஞ்சாலும் “எங்களுக்குத் தெரியாது”ன்னு போயிருவான்.

நான் என்ன பண்ணுனேன்? அந்த மூணுல ஒண்ணு இருக்குது பாருங்க, அதையே அப்படியே எடுத்து, பேரை மட்டும் மாத்தி, இன்டர்நெட்டுல சும்மா குடுக்கறாங்க. அதே நூலு, அதே நெசவு, அதே சாயம். லேபிள்தான் வேற. எறக்கிப் போட்டேன். மேல சாஃப்ட்வேரை ஏத்தப் போனா, எடுத்த எடுப்புல “நீ ஆரு”ன்னு கேக்குது. எங்க போயிப் பாக்குதுன்னா, ஒரே ஒரு ஃபைல். அதுல ஒரே ஒரு வரி, இந்த சிஸ்டத்தோட பேரு இன்னதுன்னு. நான் அந்த வரியை அழிச்சுப்போட்டு, லிஸ்டுல இருக்கற பேரை எழுதுனேன். அடுத்த நிமிசம் உள்ள போயி சப்பணம் போட்டு உக்காந்துக்கிச்சு. ஒலகம் பூராக் கடை விரிச்சிருக்கற கம்பெனிங்க! பெரிய பெரிய படிப்புப் படிச்சவனெல்லாம் உக்காந்து எழுதுனது! பொள்ளாச்சிக்காரன் ஒரு வரியில ஏமாத்திப்போட்டான்.

பெரிய டாக்டருக்கு அன்னைக்கு வாயெல்லாம் பல்லு. “நம்ம நாச்சிமுத்து இருக்கறப்ப கம்பெனிக்காரனெல்லாம் எதுக்கு?”ன்னாரு. அன்னைலருந்து ஆஸ்பத்திரியில எனக்கு ‘சிஸ்டம் நாச்சிமுத்து’ன்னுதான் பேரு.

எப்பவாச்சும் மக்கர் பண்ணும். பண்ணுனா கம்பெனி சப்போர்ட்டுக்குப் போன் போடுவேன். ஐதராபாத்துலருந்து எவனாச்சும் எடுப்பான். “என்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் சார்?”ம்பான். நான் லிஸ்டுல இருக்கற பேரை நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். “மெஷின் எழுதி வெச்சிருக்கற குறிப்பையெல்லாம் அனுப்புங்க”ம்பான். அனுப்புவேன். இதை மாத்துங்க, அதைச் சரி பண்ணுங்கன்னு ஏதோ ஒண்ணு சொல்லுவான். நான் போனை வெச்சுப்போட்டுச் சிரிப்பேன். ஒருக்கா ஒருத்தன் துருவித் துருவிக் கேட்டான், புடிச்சேன் பாருங்க ஒரு புடி. அதுக்கப்புறம் ஒருத்தனும் எங்கிட்ட ஓ.எஸ். என்னன்னு கேக்கறதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை என்ற மேல.

ஒரே ஒரு சங்கதிதானுங்க. அதை நிறுத்தக் கூடாது. மூணாவது வருசம் ஒருக்கா கரண்டு போயி, யு.பி.எஸ்.ஸும் கைவிட்டு, சர்வர் நின்னுபோச்சு. எந்திரிக்க வெக்கறதுக்கு ஆறு மணி நேரம். என்ன பண்ணுனேன், எதைத் திருகுனேன்னு எனக்கே நெனப்பில்லை. எப்படியோ எந்திரிச்சுது. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனி இதை நிறுத்தறதே இல்லைன்னு. யு.பி.எஸ். ரெண்டாக்குனேன். அப்டேட் வந்தா போடுவேன். “ரீஸ்டார்ட் பண்ணு”ன்னு கேக்கும். “அப்புறம்”னு அமுக்கிருவேன். எட்டு வருசங்க! எட்டு வருசம் மூச்சு வுடாம ஓடுச்சு. எந்தச் சர்டிபிகேட்காரன் ஓட்டுவான் அப்படி?

ஆனா எங்க பெரிய டாக்டருக்கு ஆயுத பூசைன்னா உசுரு. ஆஸ்பத்திரியில ஓடற மெஷினெல்லாம் அன்னைக்கு ஒரு மணி நேரம் நிக்கோணும். ஐ.சி.யூ.வும் ஆப்பரேசன் தியேட்டரும் மட்டும் விலக்கு. எக்ஸ்ரே நிக்கும், ஸ்கேன் நிக்கும், துணி தொவைக்கற மெஷின் நிக்கும், கேன்டீன்ல மாவாட்டற கிரைண்டர்கூட நிக்கும். எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. “வருசம் பூரா நமக்கு ஓடுதில்ல, ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும்”பாரு. அப்புறம் எல்லா ரூமுக்கும் வந்து அவரே கற்பூரம் காட்டுவாரு.

சர்வர் ரூமுக்கும் வருவாரே! நான் என்ன பண்ணுவேன்னா, மானிட்டரை மட்டும் அணைச்சுப்போடுவேன். மினுக்கு மினுக்குன்னு எரியற லைட்டு மேல ஒரு ஜரிகைத் துண்டைப் போத்தி, அதுக்கு மேல மாலையைப் போட்ருவேன். ஃபேன் சத்தம் கேக்குமில்லீங்க? ஏசியை எச்சா வெச்சுருவேன். “நிறுத்திட்டியா நாச்சிமுத்து?” “நிறுத்திட்டனுங்க டாக்டர்.” கற்பூரத்தைக் காட்டிட்டுப் போயிருவாரு. எட்டு பூசை இப்படி ஓட்டியாச்சு. சாமிக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. சாமிக்கு சர்வர் பத்தி என்னங்க தெரியும்?

இதுக்கு நடுவுல வந்து சேந்துச்சு இந்தக் கோகிலவாணி. வேலை எச்சாயிருச்சு, கூட ஒரு ஆளு வேணும்னு நான்தான் கேட்டேன். கோயமுத்தூர் காந்திபுரத்துல ஆறு மாசம் கோர்ஸ் படிச்சுதாம். ஒரு சர்டிபிகேட்டைத் தூக்கிட்டு வந்து நின்னுது. வந்து நாலாவது நாளு எங்கிட்ட வருது. “அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?” கேளு. “நம்ம சர்வர்ல இருக்கற ஓ.எஸ். கம்பெனி லிஸ்டுல இல்லீங்களேண்ணா.” எனக்கு எப்படி இருக்கும்? பதினோரு வருச வித்தையை நாலு நாள்ல மோப்பம் புடிச்சுட்டு வந்து, அதுவும் லேப் டெக்னீசியனை வெச்சுட்டுக் கேக்குது!

“அம்மிணி, நீ லிஸ்டைப் பாத்து வேலை செய்யறவ, நான் மெஷினைப் பாத்து வேலை செய்யறவன்”னு சொன்னேன். எப்படி? லேப் டெக்னீசியன் சிரிச்சுட்டாரு. அந்தப் புள்ள மொகம் சுண்டிப்போச்சு. ஆனா வுடுச்சா? அடுத்த வாரம் வந்து, “அண்ணா, இது நின்னுபோச்சுன்னா என்னென்ன பண்ணோணும்னு சொன்னீங்கன்னா நான் எழுதி வெச்சுக்கறேன்”ங்குது. நிக்காதுன்னேன். “நின்னா?” நிக்காதும்மா. “தெனமும் விவரத்தையெல்லாம் நகல் எடுத்து பேக்கப்புன்னு வெக்கறமே, அதை என்னைக்காச்சும் திருப்பி ஏத்திப் பாத்திருக்கறமாண்ணா?” அட, வீட்டுல தேங்கா எண்ணெய் இருக்குதுன்னா இருக்குது. தெனமும் மூடியைத் தொறந்தா பாத்துட்டு இருப்பாங்க? எழுதி வெக்கறதாம் எழுதி! எல்லாத்தையும் எழுதி வெச்சுப்போட்டா அப்புறம் நாச்சிமுத்துன்னு ஒருத்தன் எதுக்கு? இது புரியாத புள்ளைக்கு எந்தக் காலேஜ்ல சர்டிபிகேட் குடுத்தானோ.

அப்பவெல்லாம் அது மேசைக்கடியில ஒரு பழைய மெஷினை வெச்சுட்டு நோண்டிட்டு இருக்கும். ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்டது. என்ன பண்றேன்னு கேட்டா, “பழகிப் பாக்கறேண்ணா”ங்கும். பழகட்டும், நமக்கென்னன்னு வுட்டுப்போட்டேன். அதுதான் நான் பண்ணுன தப்பு. அன்னைக்கே புடுங்கி எறிஞ்சிருக்கோணும்.

போன வருசம் ஆயுத பூசை. காலையில பதினோரு மணி இருக்கும். நான் துண்டெல்லாம் எடுத்து மடிச்சுத் தயாரா வெச்சிருக்கறேன். அப்பப் பாத்து ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து, “அண்ணா, நீங்க வந்து பூசணிக்காய் சுத்துனாத்தான் வண்டிக்கு ராசி”ன்னு இழுத்துட்டுப் போயிட்டான். ராசியான கைன்னு நமக்கு ஒரு பேரு. சுத்தி ஒடைச்சு, பொரி வாங்கிட்டு நிக்கறேன். அந்த சித்த நேரத்துல பெரிய டாக்டர் சர்வர் ரூமுக்குப் போயிட்டாரு. கோகிலவாணி மட்டும் இருக்குது. “என்னம்மா இன்னும் ஓடிட்டிருக்குது? நல்ல நேரம் முடியப் போகுது, நிறுத்து.” அந்தப் புள்ள, “அண்ணன் வந்துரட்டுங்க டாக்டர்”னுதாம். “வருசா வருசம் உங்கண்ணன் நிறுத்தறதுதானம்மா. நான் வர்றதுக்குள்ள நிறுத்தி வெச்சிருவான். நீயும் நிறுத்து”ன்னாரு. நிறுத்திப்போடுச்சு. முறைப்படி, ஒவ்வொண்ணா மூடி, அணைச்சுப்போடுச்சு.

நான் பொரியை மென்னுட்டு வந்து கதவைத் தொறக்கறேன். சத்தமே இல்லீங்க. எட்டு வருசத்துல அந்த ரூமு அப்படி இருந்து நான் பாத்ததே இல்லை. “ஆரு நிறுத்துனது?”ன்னேன். “டாக்டர் சொன்னாருங்கண்ணா”ன்னுது. டாக்டர் சொன்னா? டாக்டர் சொன்னா கெணத்துல குதிப்பியா? எட்டு வருசமா நான் நிறுத்துனதே இல்லைன்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? தெரியாதுதான், நான் சொன்னதில்லை. ஆனா புத்தின்னு ஒண்ணு இருந்தா தானாத் தெரியோணுமில்லீங்க?

ஆன் பண்ணுனேன். எட்டு வருசமா போட்ட அப்டேட் எல்லாம் வாசல்லயே காத்துட்டு நின்னிருக்குது போல. கதவைத் தொறந்ததும் அத்தனையும் ஒரேடியா உள்ள பாஞ்சிருச்சு. திரை பூரா வெள்ளை எழுத்து ஓடுது. கடைசியில டிஸ்கே கண்ணுக்குத் தெரியலீன்னுது. அந்த டிஸ்குலதானுங்க பதினோரு வருச நோயாளிக விவரம் இருக்குது.

சோதனைன்னா தனியா வருமா? அதே நேரத்துல ஒரு பிரசவ கேஸு. ஆனமலைப் பக்கத்துப் பொண்ணு, ரெண்டாவது பிரசவம். கொழந்தைக்கு மூச்சுத் தெணறுது, ஒடனே ஆப்பரேசன் பண்ணோணும். மொத பிரசவமும் எங்க ஆஸ்பத்திரிதான். அப்ப ஏதோ ஒரு மருந்து ஒத்துக்காம பொண்ணுக்கு மூச்சே நின்னு திரும்பி வந்துதுன்னு மாமியாக்காரி அழுகறா. என்ன மருந்துன்னு கேட்டா, “நீலக் கலரு மூடி சாமி”ங்கறா. மயக்க மருந்து குடுக்கற டாக்டரம்மா சர்வர் ரூமு வாசல்ல வந்து நிக்கறாங்க. “நாச்சிமுத்து, எனக்கு அந்த ஒரு பேரு வேணும். அது தெரியாம நான் ஊசியைத் தொட மாட்டேன்.” காகிதத்துல இருந்தா எடுத்துக் குடுத்தர்லாம். காகிதமெல்லாம் எதுக்கு, அதான் கம்ப்யூட்டர் இருக்குதேன்னு நான்தான் சொல்லி அத்தனையும் எடைக்குப் போட வெச்சேன்.

சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு, நல்லவேளை தமிழ் பேசற பொண்ணு. விவரம் சொன்னேன். “சார், நீங்க வெச்சிருக்கறது எங்க லிஸ்டுல இல்லாத ஓ.எஸ். இதை எந்திரிக்க வெக்க எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்களே”ன்னுது. நான் வுடலை. லிஸ்டுல இருக்கற பேரைச் சொல்லி, “அதுதான் இருக்குது, நீ வந்து பாத்தியா?”ன்னேன். அது கொஞ்சம்கூடக் குரலை ஒசத்தலீங்க. “சார், நீங்க பேரை மாத்துனது ஒரு எடத்துலதான். மத்த நூறு எடத்துல அதோட சொந்தப் பேரு அப்படியே இருக்குது. நீங்க அனுப்பற குறிப்புல மொத பக்கத்துலயே இருக்கும். ஏழு வருசமா எங்களுக்குத் தெரியும் சார்”ங்குது.

ஏழு வருசம்! அப்புறம் ஏன் இத்தனை நாளா பதில் சொன்னீங்கன்னேன். “ஏதோ எங்களால முடிஞ்ச யோசனையைச் சொன்னாங்க சார். உங்க பேருக்கு நேரா ஒரு குறிப்பு இருக்குது. ‘இவரிடம் ஓ.எஸ். பற்றிக் கேட்க வேண்டாம், கோபப்படுவார்’ன்னு எழுதி வெச்சிருக்காங்க”ன்னுது. பாத்தீங்களா கம்பெனிக்காரனோட யோக்கியதையை? ஏழு வருசமா தெரிஞ்சுட்டே தெரியாதவனாட்ட நடிச்சிருக்கறான். மனுசன் ஆரைத்தான் நம்பறது?

நான் போனைக் காதுல வெச்சுட்டு நிக்கறேன். இன்னொரு கையில சுவிட்சை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், பொய் சொல்ல மாட்டேன். பின்னாடிலருந்து கோகிலவாணி, “அண்ணா, இதுல பாக்கலாமுங்களா?”ன்னுது. மேசைக்கடியில இருந்த அந்தப் பழைய மெஷின். அதுல கம்பெனி லிஸ்டுல இருக்கற ஓ.எஸ்.ஸைச் சோதனைக்குன்னு வாங்கிப் போட்டு, தெனமும் சாயங்காலம் நம்ம பேக்கப்பை அதுல ஏத்தி ஏத்திப் பாத்துட்டே இருந்திருக்குது. “நேத்து சாயங்காலம் வரைக்கும் எல்லாம் இருக்குதுங்கண்ணா.” டாக்டரம்மா நகரு நகருன்னு என்னைத் தள்ளிப்போட்டு உள்ள வந்துட்டாங்க. கோகிலவாணி அந்த ஆனமலைப் பொண்ணோட பேரைப் போட்டுது. வந்துச்சு. மருந்துப் பேரும் இருந்துச்சு. டாக்டரம்மா உள்ளங்கையில எழுதிக்கிட்டு ஓடுனாங்க. அரை மணி நேரத்துல கொழந்தை அழுகற சத்தம் கேட்டுதுன்னு நர்சு வந்து சொல்லுச்சு. பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் சுகம்.

சாயங்காலத்துக்குள்ள எல்லா வார்டையும் அந்த மெஷினுக்கே மாத்திப்போடுச்சு. நானும் கூடத்தான் இருந்தேன். ஒயரெல்லாம் எடுத்துக் குடுத்தேன்.

அடுத்த நாளு பெரிய டாக்டர் ரூமுக்குக் கூப்புட்டாரு. நானு, கோகிலவாணி, டாக்டரம்மா. “அந்த மெஷின் மட்டும் இல்லீன்னா அந்தப் பொண்ணு கதி என்ன? ஆரு இப்படி முன்கூட்டியே யோசிச்சது?”ன்னாரு. கோகிலவாணி வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரே எம்பக்கம் திரும்பி, “நாச்சிமுத்து, நீதானே சொல்லி வெக்க வெச்சது?”ன்னாரு.

“ஆமாங்க”ன்னேன்.

வாய்ல வந்துருச்சுங்க. நானாச் சொல்லலை, அவரு கேட்டாரு, நான் ஆமாங்கன்னேன். இது பொய்யாங்க? நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்தப் புள்ள வேணும்னு கேட்டது ஆரு? நான். அதுக்கு உக்கார எடம் குடுத்தது ஆரு? நான். மெஷின் இருந்தது மேசைக்கடியில. அந்த மேசை ஆரு போட்டது? பேக்கப் எடுக்கற ஏற்பாடு ஆரு பண்ணுனது? எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்தா என்ற வேலைதானுங்களே.

டாக்டர் எந்திரிச்சு வந்து என்ற தோள்ல தட்டுனாரு. நான் ஓரக்கண்ணால அந்தப் புள்ளையைப் பாத்தேன். வெளிய வந்து வராண்டாவுல நின்னு, “அண்ணா, அந்த மெஷினுக்குப் பாஸ்வேர்டு என்னன்னாவது உங்களுக்குத் தெரியுங்களா?”ன்னு கேட்டுச்சு. “என்ன நெக்கலா?”ன்னேன். “இல்லீங்கண்ணா, தெரியோணுமில்ல, அதான்”னுட்டு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. கார்த்திகை மாசம் வேலையை விட்டுப் போயிருச்சு. போறப்ப நாப்பது பக்கத்துக்கு எல்லாத்தையும் எழுதி, கட்டி, என்ற மேசையில வெச்சுட்டுப் போச்சு. நான் தொடவே இல்லீங்க. எனக்கா பாடம்?

அதுக்கப்புறம் என்னாச்சுன்னா, பெரிய டாக்டர் போற எடமெல்லாம் என்ற பெருமைதான். பொள்ளாச்சியில அந்தப் பழைய மெஷினை, கோகிலவாணி இருந்தப்பவே, மாத்திப் புதுசு வாங்கி, லிஸ்டுல இருக்கற ஓ.எஸ்.ஸே வாங்கிக் குடுத்துட்டாரு. “கிணத்துக்கடவுலயும் நீ அதே மாதிரி ரெண்டு மெஷின் வெச்சுரு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு எந்திரிக்கோணும். நீதான் செஞ்சு காட்டுனவனாச்சே”ங்கறாரு. மூணு தடவை ஏத்திப் பாத்தேன். ஏற மாட்டேங்குது. சரின்னு லிஸ்டு ஓ.எஸ்.ஸை வுட்டுப்போட்டு, பழையபடி சும்மா கெடைக்கறதை எறக்கிப் பேரை மாத்திப் பாத்தேன், புது சாஃப்ட்வேர் ஒரு எடத்துல பாத்துட்டு வுடறதில்லை, எல்லா எடத்துலயும் நோண்டுது. சப்போர்ட்டுக்கு அடிச்சா, “ஏத்தி முடிச்சப்புறம் மக்கர் பண்ணுனா கூப்புடுங்க”ங்கறான். சரின்னு அந்த நாப்பது பக்கத்தையும் போன வாரம் எடுத்துப் பிரிச்சேன். எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குதுங்க. மொத பக்கத்தையே மூணு நாளாப் படிக்கறேன். எழுதத் தெரியாத புள்ளை.

இருங்க, போன் அடிக்குது. அதுதான்! பாத்தீங்களா, வருதா இல்லையா?

அலோ, அம்மிணி! நல்லா இருக்கறியா? அப்பா அம்மா சௌக்கியமா? நானா? நான் நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு. சும்மா இந்தப் பக்கம் ஒரு சோலி, அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு... ஆமா, கிணத்துக்கடவுதான். உனக்கு எப்படித் தெரியும்? ஓ, லேப் டெக்னீசியன் சொன்னாரா... இல்ல, ஏறுது, ஏறுது. சித்த மக்கர், அவ்வளவுதான். நீ ஒரே ஒரு நாளு வந்தீன்னா... என்னது? சரி... சரி சொல்லு... கேக்கறேன்... அது எதுக்கு அம்மிணி இப்ப? அது முடிஞ்சுபோன சங்கதி... இல்ல அம்மிணி, நான் சொல்றதைக் கேளு... அலோ? அலோ?

வெச்சுப்போடுச்சுங்க.

என்ன சொல்லுதுன்னு கேளுங்க. வந்து எல்லாத்தையும் ஏத்திக் குடுக்குதாம். எனக்குக் கூட உக்காந்து சொல்லியும் குடுக்குதாம். எனக்கு! ஆனா நான் மொதல்ல பெரிய டாக்டர்கிட்டப் போயி, ‘அந்த மெஷினை வெச்சது நான் இல்லீங்க, கோகிலவாணிதானுங்க’ன்னு சொல்லோணுமாம். சொன்ன அன்னைக்கே கெளம்பி வருதாம். சொல்லாம வீட்டுப் படி ஏற வேண்டாமாம். எவ்வளவு திமிரு பாருங்க! என்ற மகளை விட ரெண்டு வயசுதான் பெருசு. நீங்க ஏங்க என்னை அப்படிப் பாக்கறீங்க? சொல்லிர்றதுதானேங்கறீங்களா? நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கென்ன, மிக்ஸிதானே.

அட, மறுபடியும் அடிக்குது. பெரிய டாக்டருங்க. சித்த இருங்க.

வணக்கமுங்க டாக்டர்... பஸ்ஸுலதானுங்க, சொந்தத்துல ஒரு விசேசம்... கிணத்துக்கடவுதானுங்களா? நடந்துட்டிருக்குதுங்க... ஆமாங்க... பாதிக்கு மேல முடிஞ்சுதுங்க... ஆருங்க? கோகிலவாணியா? அதுக்கு டாக்டரே போன் பண்றீங்களா? இல்லீங்க டாக்டர், அது... இல்லீங்க, அந்தப் புள்ள எதுக்குங்க. சின்னப் புள்ள, அதுக்கு இதெல்லாம் அவ்வளவாத் தெரியாதுங்க... இல்லீங்க, ஒத்தை ஆளாவே முடிச்சர்லாமுங்க... ரெடிதானுங்க டாக்டர். ஒண்ணாந் தேதி வெளக்கேத்தறப்ப நீங்களே வந்து சுவிட்சைப் போடுங்க... சரிங்க. வெச்சர்றனுங்க.

அவராத்தானுங்க கேட்டாரு. “ஒத்தையிலே சிரமப்படறியா, அந்தப் புள்ளையை நானே கூப்புட்டு உனக்குத் தொணைக்கு வுடட்டுமா?”ன்னாரு.

என்னங்க, உடுமலை வந்துருச்சா? எறங்குங்க, எறங்குங்க, மிக்ஸியைப் பாத்து எடுங்க. நானா? நான் எறங்கலீங்க. கண்டக்டர் தம்பி, இந்த பஸ்ஸு பழனி வரைக்கும் போகுதில்லப்பா? இங்கிருந்து பழனிக்கு ஒரு டிக்கெட் குடு.